சித்தி உயில் எழுதவில்லை, வீடும் பிளாட்டும் யாருக்கு?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வாசகியின் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, அரசு உதவி பெறும் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து 2007-இல் ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. கணவர் 2009-இல் காலமானார். கடைசி ஆறு வருடங்கள் வாசகியும் அவர் கணவரும் சித்தியின் வீட்டிலேயே தங்கி அவரைப் பார்த்துக்கொண்டார்கள். போன ஆவணியில் சித்தி இறந்துவிட்டார். உயில் இல்லை.

சித்தி விட்டுச்சென்றவை இவை. தாத்தா சுயமாக வாங்கிய வீடு; அவர் 1991-இல் இறந்தபின் 1994-இல் பிள்ளைகள் பாகம் பிரித்தபோது சித்திக்கு வந்தது, ஓய்வூதியப் பணத்தில் அதன்மேல் ஒரு மாடி கட்டினார். சம்பளத்தில் 1998-இல் வாங்கிய பிளாட். சித்தப்பா இறந்தபின் அவர் ஊரில் சித்தி பெயருக்கு வந்த 60 சென்ட் புஞ்சை. வங்கியில் 11 லட்ச ரூபாய் வைப்புத்தொகை, அதற்கு வாசகிதான் நாமினி. லாக்கரில் நகை.

உரிமை கேட்டு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். சித்தப்பாவின் காலமான அண்ணனுடைய மூத்த மகன், "எல்லாம் எங்கள் குடும்பத்துச் சொத்து, வாரிசுச் சான்றுக்கு மனு போட்டுவிட்டேன்" என்கிறார். வாசகியின் தாய்மாமா, "பெண்பிள்ளைகளுக்குச் சீர் செய்து அனுப்பியாயிற்று, எங்கப்பா வீடு எனக்குத்தான்" என்கிறார். இதற்கு நடுவே சித்தியின் நோட்டில், "வீடும் பேங்க் பணமும் என் அக்கா மகளுக்கு" என்று அவர் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட பக்கம் ஒன்று கிடைத்திருக்கிறது. சாட்சி இல்லை. பத்திரம் எழுதும் ஒருவர், "ரெண்டு பேரைக் கையெழுத்துப் போடச் சொன்னால் போதும், உயிலாகிவிடும்" என்று யோசனை சொன்னாராம். "ஆறு வருடம் மலஜலம் எடுத்தவளுக்கு ஒன்றுமே இல்லையா மேடம்?" என்று முடிக்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உடம்பு முடியாதவரைப் பார்த்துக்கொண்டதற்காகச் சட்டம் யாருக்கும் சொத்தில் பங்கு கொடுப்பதில்லை. சித்தியின் வாரிசு வரிசையில் இன்று உங்கள் பெயர் இல்லை. உங்கள் அம்மா உயிரோடு இருக்கும்வரை, வருகிற பங்கு அம்மாவுக்குத்தான் வரும். கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால்தான், உங்களை மிரட்டுகிற இருவரின் பேச்சிலும் எவ்வளவு காற்று என்பது தெரியும்.

சொத்து எந்த வழியில் வந்தது?

உங்கள் கடிதம் முழுவதும் "சித்திக்கு யார் வாரிசு?" என்றே கேட்கிறீர்கள். உங்களை மிரட்டுகிறவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். பிள்ளையில்லாத இந்துப் பெண் உயில் இல்லாமல் இறந்தால் அப்படி ஒரே கேள்வியாகக் கேட்க முடியாது. ஒவ்வொரு சொத்தையும் தனித்தனியாக எடுத்து, இது அவருக்கு எந்த வழியில் வந்தது என்று பார்க்க வேண்டும். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவு அப்படித்தான் அமைந்திருக்கிறது.

அதன் பொது விதி: பெண்ணின் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவனின் வாரிசுகளுக்கு. அங்கேயும் ஒருவரும் இல்லாவிட்டால்தான் பெற்ற தாய் தகப்பனுக்கு. அதற்கும் பிறகுதான் தகப்பனின் வாரிசுகள், அதாவது கூடப் பிறந்தவர்கள். இந்த விதிக்கு இரண்டு விலக்குகள் உண்டு. பிள்ளை இல்லாத பெண்ணுக்குத் தாய் அல்லது தகப்பனிடமிருந்து வாரிசு முறையில் வந்த சொத்து, தகப்பனின் வாரிசுகளுக்கே திரும்பும். கணவனிடமிருந்தோ மாமனாரிடமிருந்தோ அப்படி வந்தது, கணவனின் வாரிசுகளுக்குப் போகும்.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம். 60 சென்ட் புஞ்சையில் உங்கள் பக்கத்துக்கு ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள். பிளாட்டும் சித்தப்பாவின் வாரிசுகளுக்குத்தான். "அது சித்தியின் சொந்தச் சம்பளத்தில் வாங்கியதாயிற்றே" என்பீர்கள். சொந்தச் சம்பாத்தியத்துக்குத்தான் பொது விதி பொருந்துகிறது, அதில்தான் இந்தச் சட்டத்தின் கொடுமையே இருக்கிறது. ஓம் பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் இதை நேருக்கு நேர் சந்தித்தது. நாராயணி தேவி என்ற பெண்ணுக்குக் கல்யாணமாகி மூன்று மாதத்துக்குள் கணவர் பாம்பு கடித்து இறந்துபோனார். புகுந்த வீட்டார் விரட்டிவிட்டார்கள். பெற்றோர் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனார், பணம் சேர்த்தார். உயில் எழுதாமல் 1996-இல் இறந்தார். அந்தச் சேமிப்பு, அவரை ஒருநாளும் எட்டிப்பார்க்காத கணவரின் சகோதரி பிள்ளைகளுக்குப் போனது. அனுதாபத்துக்காகச் சட்டத்தை வளைக்க முடியாது என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே சட்ட ஆணையம் தன் 207-வது அறிக்கையில் இந்தப் பிரிவைத் திருத்தச் சொல்லியிருந்தது. இன்னும் திருத்தம் வரவில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு, ஆனால் உங்கள் வழக்குக்கு என் கோபம் உதவாது.

வீட்டுக்கு வருவோம். தாத்தா உயில் எழுதாமல் இறந்து, பிள்ளைகள் தங்களுக்குள் பாகம் பிரித்துக்கொண்டதில் வந்தது என்றால், அது தகப்பனிடமிருந்து வாரிசு முறையில் வந்த சொத்து. விலக்கு பொருந்தும், சித்தப்பா வீட்டாருக்கு அதில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. ஆனால் ஒன்றைக் கட்டாயம் சரிபாருங்கள். 1994-ஆம் வருடப் பத்திரத்தின் நகலை எடுத்து, அது பாகப் பிரிவினைப் பத்திரம்தானா என்று தலைப்பை மட்டும் பார்க்காமல் உள்ளே படியுங்கள். தாத்தா உயிரோடு இருந்தபோதே சித்திக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்திருந்தால் கதை வேறு. செட்டில்மெண்டிலோ உயிலிலோ கிடைத்ததை வாரிசு முறையில் வந்ததாக நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. அப்போது வீடும் பொது விதிக்குள் விழுந்து சித்தப்பாவின் உறவுகளுக்குப் போய்விடும். அந்தப் பத்திரத்தைப் பார்க்காமல் யாரிடமும் வாய் திறக்காதீர்கள்.

மாடி சித்தியின் பணத்தில் கட்டியது என்பதால் அதைத் தனியாகக் கேட்டு ஒரு வழக்கு வரலாம். மாடி மனையோடு சேர்ந்தது, மனை யாருக்கோ அவர்களுக்குத்தான் மாடியும் என்ற வாதம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது. ஆனாலும் எதிர்த் தரப்பு இழுத்தடிக்க அந்த மாடிப்படி போதும்.

மாமாவும் அண்ணன் மகனும்

தகப்பனின் வாரிசு யார் என்று பார்க்க, சித்தி இறந்ததற்கு அடுத்த நொடி தாத்தா இறந்ததாகச் சட்டம் கற்பனை செய்துகொள்ளும். பாட்டியும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே உங்கள் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, பெரிய மாமாவுக்கு மூன்றில் ஒன்று, காலமான சின்ன மாமாவின் கிளைக்கு மூன்றில் ஒன்று. அந்தக் கிளையில் அத்தையும் அவர் மகனும் ஆளுக்கு ஆறில் ஒன்று எடுப்பார்கள். பெரிய மாமா சொல்கிற சீர்வரிசைக் கணக்கு வாரிசுரிமைச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. மகள் என்றால் மகனுக்குச் சமம், அவ்வளவுதான். அவருக்கு முழு வீடு கிடையாது. அதேபோல உங்கள் அம்மாவுக்கும் முழு வீடு கிடையாது என்பதையும் மனத்தில் வையுங்கள். சின்ன மாமாவின் மனைவியை நீங்கள் யாருமே கணக்கில் எடுக்கவில்லை, அவரை விட்டுவிட்டுப் போடுகிற எந்தப் பத்திரமும் பின்னால் உடையும்.

கணவனின் வாரிசுகள் பக்கம் போனால் கணக்கு வேறு மாதிரி. சித்தப்பாவுக்குப் பிள்ளைகளோ பெற்றோரோ இன்று இல்லை. அடுத்து சட்டத்தின் இரண்டாம் வகுப்பு வாரிசுப் பட்டியல். அதில் உடன்பிறந்த சகோதர சகோதரிகள் மேல் வரிசையில் இருக்கிறார்கள். சகோதரர்களின் பிள்ளைகள் அதற்குக் கீழே வருகிறார்கள். மேல் வரிசையில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் கீழ் வரிசைக்கு ஒன்றும் இறங்காது. மகன் வழியில் செத்தவரின் கிளைக்குப் பங்கு உண்டு, அண்ணன் தம்பி வழியில் அது கிடையாது. நீங்கள் எழுதியபடி சித்தப்பாவின் தம்பியும் தங்கையும் உயிரோடு இருக்கிறார்கள். பிளாட்டும் புஞ்சையும் அவர்கள் இருவருக்கும் சரிபாதி. மீசையை முறுக்கிக்கொண்டு வந்து நின்றாரே அண்ணன் மகன், அவருக்கு எதிலும் பங்கு இல்லை!

அவர் வாங்கப்போவதாகச் சொல்லும் வாரிசுச் சான்றைக் கண்டு பயப்பட வேண்டாம். தாசில்தார் தரும் சான்று உறவுமுறையைக் காட்டும், பங்கைத் தீர்மானிக்காது. இருந்தாலும் சும்மா இருக்காதீர்கள். யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற விவரத்துடன் உங்கள் அம்மா பெயரில் தாசில்தாருக்கு ஆட்சேபனை மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். பட்டா மாறுதலுக்கும் சேர்த்தே எழுதுங்கள். பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது என்றாலும், ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் இறக்குவதற்கு நடையாய் நடக்க வேண்டும்.

நோட்டில் எழுதிய பக்கம்

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் கைப்பட எழுதினாலும் செல்லும். ஆனால் இரண்டு சாட்சிகள் இல்லாமல் செல்லாது. அந்த இருவரும், எழுதியவர் கையெழுத்திடுவதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது இது என் கையெழுத்துதான் என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு இது. சித்தி போனபிறகு அவர் முன்னிலையில் யார் கையெழுத்திட முடியும்?

அந்தப் பத்திர எழுத்தர் உங்களுக்குச் சொன்னது யோசனை ஆகாது, குற்றம். போலி உயில் தயாரிப்பதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 338-வது பிரிவில் ஆயுள் தண்டனை வரை உண்டு. கையெழுத்துப் போடுகிற அந்த இருவரும் குறுக்கு விசாரணையில், அன்று சித்தி எந்த அறையில் உட்கார்ந்திருந்தார், என்ன பேனா என்று கேட்டால் உளறிவிடுவார்கள். உங்கள் அம்மாவின் நியாயமான மூன்றில் ஒரு பங்கும் சந்தேகத்துக்குள் போய்விடும். பக்கத்தைக் கிழிக்காமல், எதுவும் சேர்க்காமல், நோட்டை அப்படியே பத்திரப்படுத்துங்கள். உயிலாகாவிட்டாலும் அதற்கு ஒரு வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

வங்கிப் பணம், நகை

நாமினி என்பதால் 11 லட்சமும் உங்களுடையது என்று நினைத்திருக்கிறீர்கள். நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்த நினைப்பு உண்டு, வங்கி ஊழியர்களே சில சமயம் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள். நாமினி, வங்கியிடமிருந்து பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர். இன்சூரன்ஸ் விஷயத்தில் 1984-இல் சர்பதி தேவி வழக்கிலும், வங்கிக் கணக்கு விஷயத்தில் 2010-இல் ராம் சந்தர் தல்வார் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. சம்பளச் சேமிப்பு என்பதால் இந்தப் பணமும் சித்தப்பாவின் தம்பிக்கும் தங்கைக்கும்தான் சேரும்.

அதற்காக வாங்காமல் இருக்க வேண்டாம். இறப்புச் சான்றுடன் விண்ணப்பியுங்கள். தாள்கள் சரியாக இருந்தால் 15 நாளில் வங்கி தீர்க்க வேண்டும். வந்த பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, தொடாமல் வையுங்கள். நாமினி இருப்பதால் வங்கி உங்களிடம் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று கேட்கக் கூடாது. அந்தச் சான்றே வைப்புத்தொகை, பங்குப் பத்திரம் போன்றவற்றுக்குத்தான். வீடு நிலத்துக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

சித்தி இறந்த மறுநாளிலிருந்து பதினாறாம் நாள் காரியம்வரை அவருடைய ஏ.டி.எம். கார்டில் 1,40,000 ரூபாய் எடுத்ததாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எடுத்தது நல்ல காரியத்துக்குத்தான். ஆனால் இறந்தவர் கணக்கில் கார்டு போடும் உரிமை யாருக்கும் கிடையாது. இத்தோடு நிறுத்துங்கள், கார்டை வங்கியில் ஒப்படையுங்கள். பந்தல்காரர், சமையல்காரர், ஐயர், மயானச் செலவு என்று ரசீது இருப்பதையும் இல்லாததையும் தேதிவாரியாக எழுதிவையுங்கள். கருவூலத்துக்கு இறப்புத் தகவல் போயிற்றா என்றும் பாருங்கள். சித்தியின் ஓய்வூதியமும் சித்தப்பா வழி வந்த குடும்ப ஓய்வூதியமும் அதற்குப் பிறகும் ஏறியிருந்தால், அது திரும்பக் கட்ட வேண்டிய பணம்.

உங்கள் கைக்காசைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, நான் சொல்கிறேன். ஈமச் செலவும், கடைசி நோய்க்கான மருத்துவச் செலவும் இறந்தவர் சொத்திலிருந்து மற்றக் கடன்களுக்கு முன்னால் தீர்க்க வேண்டியவை என்பது இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 320-வது பிரிவிலுள்ள கொள்கை. ஆஸ்பத்திரி பில், மருந்துக் கடைச் சீட்டு, நர்ஸுக்கு ஜிபே செய்த விவரம் எல்லாவற்றையும் எடுங்கள். பாசத்துக்கு விலை கேட்பதாக யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

நகைக்கும் வந்த வழிதான் கணக்கு. பாட்டி இறந்தபின் பாகத்தில் வந்தது அம்மா, மாமா தரப்புக்கு. கல்யாணத்துக்குப் போட்டதும் சித்தி வாங்கியதும் சித்தப்பா தரப்புக்கு. எந்த நகை எது என்று இன்று சொல்லக்கூடியவர் உங்கள் அம்மா ஒருவர்தான். லாக்கரை இரு தரப்பையும் வைத்துக்கொண்டு, வங்கி அதிகாரி முன் பட்டியலிட்டுத் திறங்கள்; தனியாகப் போய்த் திறக்காதீர்கள்.

பேச வேண்டியவர்கள் யார்?

சித்தப்பாவின் தம்பி பதினாறாம் நாளுக்கு வந்து, "அண்ணியை நல்லா வச்சிருந்தம்மா" என்று சொல்லிவிட்டுப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த வரி அதுதான். பிளாட்டுக்கும் வங்கிப் பணத்துக்கும் உரியவர் அவரும் அவர் தங்கையும். அண்ணன் மகனோடு வாசலில் நின்று கத்துவதை விட்டுவிட்டு, சித்தியின் நோட்டையும் செலவுக் கணக்கையும் எடுத்துக்கொண்டு அவர்களைப் போய்ப் பாருங்கள். சித்தியின் கையெழுத்தில் இருக்கிற அந்த இரண்டு வரி நீதிமன்றத்தில் எடுபடாது, அவர் கொழுந்தனாரிடம் எடுபடலாம். வங்கிப் பணத்தில் உங்கள் செலவைக் கழித்துக்கொள்ள ஒப்புக்கொண்டாலே பெரிய காரியம். பிளாட்டை அவர்களிடமே விட்டுவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். அவர்கள் உங்களுக்கு அதைத் தர மனம் வைத்தாலும் விடுதலைப் பத்திரமாக, அதாவது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரமாக, எழுத முடியாது. விடுதலை என்பது இன்னொரு பங்காளிக்குத்தான் செய்ய முடியும், நீங்கள் அதில் பங்காளி இல்லை. தானமாக எழுதினால் குடும்பத்துக்கான சலுகையும் கிடைக்காமல் முத்திரைக் கட்டணம் கடுமையாக ஏறும்.

வீட்டுக்கு நிலைமை வேறு. அம்மா, மாமா, அத்தை, அவர் மகன் நால்வரும் கூட்டு உரிமையாளர்கள். அத்தையும் மகனும் தங்கள் பங்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித்தரலாம். மாமா மறுத்தால் அவர் பாகப் பிரிவினை வழக்குத்தான் போட முடியும். அம்மாவின் பங்கை வைத்துக் குடியிருக்கும் உங்களைச் சாமானோடு வெளியே தள்ள முடியாது. மின் இணைப்பு, வீட்டு வரி ரசீது எல்லாம் இப்போதைக்குச் சித்தி பெயரிலேயே இருக்கட்டும், ஆனால் பணத்தை நீங்களே கட்டி ரசீது வையுங்கள்.

அம்மாவுக்கு 79 வயது. உங்கள் அண்ணன் துபாயில். அம்மாவின் பங்கு உங்களுக்கு வர வேண்டும் என்று அவர் உண்மையாகவே நினைத்தால், அண்ணனுக்கும் தெரியும்படி, இரண்டு சாட்சிகளோடு ஓர் உயிலை இந்த மாதமே எழுதிப் பதிவு செய்யட்டும். முடிந்தால் சாட்சிகளில் ஒருவர் அம்மாவைப் பார்க்கிற டாக்டராக இருக்கட்டும்.

பேச்சு முறிந்தால் நேராக வழக்குக்குப் போக வேண்டாம். பெண் உயிலின்றி இறந்து, அவர் சொந்தச் சம்பாத்தியத்துக்குப் பிறந்த வீட்டார் உரிமை கோரினால், வழக்குக்கு முன் சமரசத்துக்குப் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் சொல்லியிருக்கிறது. அங்கே எட்டும் உடன்பாடு தீர்ப்பாணை போலவே செல்லும். வீட்டுத் தகராறையும் சேர்த்து அங்கேயே பேசலாம். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். மனுவை அம்மா பெயரில் கொடுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது, வக்கீலும் இலவசம். போகும்போது 1994 பத்திரத்தின் நகல், சித்தி, சித்தப்பா, தாத்தா, பாட்டி, சின்ன மாமா ஐவரின் இறப்புச் சான்றுகள், வீட்டுக்கு 1990 முதல் இன்றுவரை போட்ட வில்லங்கச் சான்று, செலவுக் கணக்கு இவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு போங்கள்.